ரெஹேமா சொன்ன ஓம்

எங்கள் கோயில் ஆண்டு மலரைத் தொகுக்கும் தம்பி ஒருவர், "அண்ணை, உங்கடை சபாரி வேலையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாங்கோ, சிங்கம் புலி எல்லாம் வரவேணும்" என்று கேட்டுப் பல மாதம் ஆகிறது. ஆபிரிக்காவில் புலி கிடையாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். போன வியாழக்கிழமை வந்த ஒரு அழைப்புக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோயில் மலரில் கோபம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கதையில் யானை வருகிறது. ஆகவே பிள்ளையாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு, அவர் பொறுத்துக்கொள்வார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு வருடம் நான் லண்டனில் ஒரு சபாரிப் பயண நிறுவனத்தில் வேலை செய்தேன். எத்தனையோ பேரை ஆபிரிக்காவுக்கு அனுப்பி வைத்தேன். நான் போனதில்லை. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது "சிங்கத்தைக் கிட்டப் பாத்தனியளோ?" என்று கேட்பவர்களுக்கு, "நான் பார்த்தது சிங்கம் பார்க்கப் போறவையின்ரை பாஸ்போட்" என்று பதில் சொல்லிச் சொல்லி வாய் களைத்துவிட்டது.

ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லண்டனுக்கு வந்து ஏழு வருடம் இல்ஃபோர்டில் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். விக்டோரியாவுக்குப் பக்கத்தில் ஒரு பயண நிறுவனத்துக்கு ஆவணங்கள் பார்க்க ஆள் தேவை என்று பெற்றோல் அடிக்க வரும் ஒருவர் சொல்லி, கோட்டு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன்.

நேர்முகம் செய்தவர் மிஸ்டர் டேவிஸ். பின்னர் பதினெட்டு வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தவரும் அவர்தான். மெலிந்த, உயரமான மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் மெதுவாகத் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து எவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்குப் போடுவோம். அவர் எதையும் நேரே கேட்கமாட்டார். "இன்றைக்கு ஆறு மணிவரை நில்" என்று சொல்லமாட்டார். "இன்றைக்கு ஆறு மணிவரை நிற்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதே?" என்பார். அவருடைய மரியாதை முழுவதும் அந்த 'இல்லை'யில் இருந்தது. எல்லாக் கேள்வியும் எதிர்மறையில் தொடங்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார்: "நீங்கள் இதற்கு முன் அலுவலகம் எதிலும் வேலை செய்ததில்லை, இல்லையா?"

நான் "யேஸ்" என்றேன்.

நாங்கள் தமிழில் எப்படிச் சொல்வோம்? "நீ சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால், "ஓம், சாப்பிடேல்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ஓம். வெள்ளைக்காரனுக்கு அப்படியில்லை. அவனுடைய யேஸ் என்றால் செய்திருக்கிறேன், நோ என்றால் செய்யவில்லை. எனக்கு அது தெரியாது. மிஸ்டர் டேவிஸ் தலையாட்டிக்கொண்டு படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் சரி போட்டார். வேலை கிடைத்தது.

ஒரு மாதத்தின் பின் பக்கத்து மேசைப் பெண், "எந்த அலுவலகத்தில் இருந்தாய்?" என்று கேட்டபோதுதான் எனக்கு விசயம் விளங்கியது. விளங்கியும் பேசாமல் இருந்துவிட்டேன். மூத்தவன் பிறந்து நாலு மாதம். பொய் சொல்லிச் சேரவில்லை என்று எனக்குள் சமாதானம் சொன்னேன். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வேலைக்குச் சேர்ந்த நாளில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அது நேர்த்திக்கடனா, தண்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலையை நான் கவனமாகப் பழகினேன். ஒரு குழுவுக்கு ஒரு கோவை, அதாவது ஃபைல். பாஸ்போட்டில் இன்னும் ஆறு மாதம் தவணை இருக்கிறதா, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, சிறு விமானத்தில் ஏற்றக்கூடிய மெத்தென்ற பையா என்று பார்ப்பேன். சிறு விமானத்துக்குள் சக்கரம் வைத்த தடித்த பெட்டி ஏறாது. அதை எழுதி அனுப்பினாலும் பத்தில் மூன்று பேர் அதைத்தான் கொண்டுபோவார்கள். கடைசியாகப் பார்ப்பது பச்சைத் தாள். என் மேசைக்கு மேலே சுவரில் குத்தியிருக்கும். எந்த இடம் எப்போது மூடியிருக்கும் என்று எழுதிய தாள் அது. பச்சைத் தாளைப் பார்க்காமல் நான் ஒரு கோவையையும் மூடியதில்லை.

அந்தத் தாளில் எனக்கு அதிகம் வேலை வைத்தது தான்சானியாவின் தெற்கில் உள்ள ஒரு ஆற்றங்கரைக் கிராமம். மற்ற இடங்களில் காட்டை அரசாங்கமோ பெரிய விடுதிக்காரனோ வைத்திருப்பான். இங்கே காட்டை அந்த ஊர்ச் சனமே பார்த்துக்கொண்டார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நல்ல மண் உள்ள ஒரு நீளத் துண்டு நிலம். அதில் சோளம் விதைத்தால் ஊர் முழுவதும் சாப்பிடலாம். அவர்கள் விதைக்கவில்லை. யானைகள் மலையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் வழி அது என்று விட்டுவிட்டார்கள். அந்த வழியாக விருந்தாளிகளைக் கூட்டிப்போய் வரும் வருமானத்தில்தான் ஊரில் கிணறும் மருந்துச்சாலையும் நடந்தன.

கோடை முடிகிற நேரம், தாய் யானைகள் குட்டிகளோடு இறங்கும் சில கிழமைகளுக்கு ஊர்க்குழு அந்தப் பாதையை மூடிவிடும். வாகனம் போகாது, விறகுக்கு ஆள் போகாது, ஊர்ப் பெண்களே தண்ணீருக்குச் சுற்றுவழியால் நடப்பார்கள். தேதி முன்கூட்டித் தெரியாது. காவலர்கள் முதல் சின்னக் காலடியை மண்ணில் கண்ட பிறகுதான் குழு கூடும். அதனால் நான் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்தக் குழுவின் செயலாளர்தான் ரெஹேமா. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மத்தியானம் அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை மாதிரி இருக்கும். தொடங்கிய காலத்தில், விருந்தாளிகளை "இரண்டு மணிக்கு" அனுப்பு என்றார். நான் பிற்பகல் இரண்டு என்று எழுதினேன். அவர்களுடைய மணி விடியலில் இருந்து எண்ணுவது. அவருடைய இரண்டு மணி என்றால் எங்கள் காலை எட்டு. அவருடைய தம்பி ஹமீசி, ஊர்க் காவலர், ஆறு மணித்தியாலம் வெயிலில் காத்து நின்றார். "உன் விருந்தாளிகள் லண்டனில் இருந்து நடந்தா வருகிறார்கள்?" என்று ரெஹேமா அடுத்த செவ்வாய் கேட்டார். நான் இரண்டு நிமிடம் சிரித்தேன்.

ஒருநாள், "நாளைக்கு மழை வராதா?" என்று கேட்டேன். "யேஸ்" என்றார். நான் யோசிக்காமலே மழை வராது என்று எழுதினேன். பிறகுதான் பேனையை வைத்துவிட்டு இருந்தேன். எங்களைப் போலவே சொல்கிறாரே! கேட்டபோது, சுவாஹிலியிலும் அப்படித்தான் என்றார். "நீ வரவில்லையா?" என்றால் "ந்தியோ" என்பார்களாம், ஓம், வரவில்லை என்று. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் எங்கள் ஓமில் பேசினோம். மற்றவர்களோடு அவர்களுடைய யேஸில் பேசினோம்.

இப்போது அந்த விசயத்துக்கு வருகிறேன்.

என்னுடைய பதினெட்டாவது வருடம். ஆறு பேர் கொண்ட ஒரு குழு, எல்லோரும் படம் பிடிக்கிறவர்கள். ஒருவர் நிறுவன முதலாளியின் நண்பர். அவர்களுக்கு அந்த ஆற்றுப் பாதைதான் வேண்டும், அதுவும் குட்டிகளோடு யானை வேண்டும். நான் அந்தச் செவ்வாய் கேட்டபோது, "காலடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை குழு கூடும்" என்றார் ரெஹேமா. மிஸ்டர் டேவிஸுக்கு இதைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். நான் ரெஹேமாவோடு அதிகம் அரட்டை அடிக்கிறேனாம், முக்கியமான குழு என்றபடியால் தானே எழுத்தில் கேட்பாராம்.

அவர் எழுதின மின்னஞ்சலின் பிரதி எனக்கும் வந்தது. இரண்டே வரி. "அந்தக் கிழமை எங்கள் விருந்தாளிகளுக்குப் பாதை திறந்திருக்காதா?" மரியாதையாகக் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை பதில் வந்தது. "யேஸ். நன்றி. ரெஹேமா."

திங்கட்கிழமை காலை மிஸ்டர் டேவிஸ் அதை என் மேசையில் வைத்து, "அருமை. கோவையை மூடுங்கள்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "சார், அவர் மூடியிருக்கிறது என்று சொல்கிறார்."

"சிவா, யேஸ் என்றால் யேஸ்."

"நீங்கள் திறந்திருக்காதா என்று கேட்டீர்கள். அவர் ஓம், திறந்திருக்காது என்கிறார். ஒரு தடவை ரெலிபோனில் கேட்கிறேன் சார்."

கண்ணாடி கழன்றது. கழுத்துப்பட்டி நுனியால் ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு சொன்னார், "நல்ல பதில் ஒன்று கையில் இருக்கும்போது நீங்கள் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடமாட்டீர்கள்தானே?"

அதற்குள் எனக்கு வெள்ளைக்காரனுடைய வழி நன்றாகத் தெரியும். "நோ சார்" என்றேன். கூப்பிடமாட்டேன் என்று அர்த்தம். பிழையில்லாத இங்கிலீசு. என் வாழ்க்கையில் நான் பேசிய மிகவும் கேவலமான இங்கிலீசும் அதுதான்.

அடுத்த செவ்வாய் அழைப்புப் பட்டியலில் ரெஹேமாவின் பெயருக்கு நேரே "வேறு ஆள் பார்க்கிறார்" என்று எழுதிவிட்டுக் கூப்பிடாமல் விட்டேன். அதற்கடுத்த செவ்வாயும். அதற்கடுத்ததும். ரெலிபோன் என் வலக்கைப் பக்கத்தில்தான் இருந்தது. விருந்தாளிகளின் அனுமதிச் சீட்டில், "பாதை திறந்திருப்பதை ஊர்க்குழு உறுதிசெய்தது: ரெஹேமா" என்று அச்சடித்து, நானே உறையில் போட்டு ஒட்டினேன். சீட்டு நேரே வாகனச் சாரதிக்குப் போனது. ரெஹேமாவுக்குப் பிரதி போகவில்லை.

நடந்ததை ஹமீசி பிறகு எனக்கு ரெலிபோனில் சொன்னார். வாகனம் வந்து படலையில் நின்றது. மூடியிருக்கிறது என்று சொன்னார். சாரதி சீட்டை நீட்டினான். அதில் அக்காவின் பெயர் இருந்தது. குழு தனக்குச் சொல்லாமல் ஏதோ முடிவை மாற்றிவிட்டது என்று நினைத்துப் படலையைத் திறந்தார். ஆனாலும் மனம் கேட்காமல், வாகனத்துக்கு முன்னால் தான் நடந்துபோய்ப் பார்த்து வருவதாகச் சொன்னார். வளைவில் தாயும் குட்டியும். குட்டி அவருக்கு ஒரு பக்கம், தாய் மற்றப் பக்கம்.

வலக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விருந்தாளிகளுக்கு ஒரு கீறலும் இல்லை. படங்கள் நன்றாக வந்தனவாம். மூன்றாம் நாள் அரசாங்கக் காவலர்கள் வந்து, ஆளை மிதித்த யானை என்று தாயைச் சுட்டார்கள். யானைக்காக ஒரு ஊரே சோளம் விதைக்காமல் விட்ட நிலத்தில் வைத்துச் சுட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். ஆனைமுகத்தானுக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐயர் தீபம் காட்டும்போது நான் என் செருப்பில்லாத இரண்டு காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இது என்னுடைய பாவக் கதை மட்டும். பிறகு நடந்ததற்குத்தான் எனக்கு இன்னும் கோபம்.

விருந்தாளிகள் வழக்குப் போடப்போவதாக எழுதினார்கள். நிறுவனம் ஒரு அறிக்கை தயாரித்தது. பாதை திறந்திருப்பதாக ஊர்க்குழுச் செயலாளர் எழுத்தில் சொன்னார், ஆகவே பிழை முழுவதும் ஊர்க்குழுவினுடையது, அவர்களுக்குக் காட்டை நடத்தத் தெரியாது என்று அதில் இருந்தது. அந்த நிலத்தின்மேல் ஒரு பெரிய விடுதிக்காரன் பல வருடம் கண் வைத்திருந்தான். அறிக்கை தான்சானியாவுக்குப் போனால் ஊர்க்காரரிடமிருந்து பாதையை எடுத்து அவனிடம் கொடுத்துவிடுவார்கள். ரெஹேமாவே அதைச் சொன்னார். அழவில்லை. "ஊரில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள், நீ ஏன் யேஸ் என்று எழுதினாய் என்று. நான் வேறு என்ன எழுதுவது, சிவா? அவர் சரியாகத்தானே கேட்டார்?" என்றார்.

அறிக்கையை உறுதிப்படுத்தக் காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் வரப்போகிறார், மின்னஞ்சல் உண்மையானது என்று மட்டும் நான் சொன்னால் போதும் என்று மிஸ்டர் டேவிஸ் சொன்னார்.

வழக்கறிஞர் வரும் நாள் காலை சாமித்தட்டுக்கு முன்னால் திருநீறு பூசிக்கொண்டு நின்றபோது மனைவி புவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன சொல்லப்போறியள்?"

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும். நான் எப்பிடி வேலைக்குச் சேர்ந்தன் எண்டதையும் சேத்துச் சொல்லவேணும்."

"போனால் பெற்றோல் ஸ்ரேசன் இருக்குத்தானே. உங்களுக்கு அந்த உடுப்பு இப்பவும் அளவாத்தான் இருக்கும், கொஞ்சம் வயித்தை உள்ளை இழுத்தால். அந்தப் பொம்பிளையின்ரை பேர் போனால் அவவுக்கு வேறை என்ன இருக்கு?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரெயிலுக்குப் போனேன்.

கூட்ட அறையில் வழக்கறிஞர் அம்மா, மிஸ்டர் டேவிஸ், நான். வழக்கறிஞர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்களுக்கும் வந்த மின்னஞ்சல்தானே?"

"யேஸ்."

"இதில் பாதை திறந்திருக்கும் என்று ரெஹேமா எழுதியிருக்கிறார்."

"அப்படி அவர் எழுதவில்லை" என்றேன்.

வழக்கறிஞர் நிமிர்ந்தார். மிஸ்டர் டேவிஸின் கை கண்ணாடிக்குப் போனது.

"யேஸ் என்று இருக்கிறதே?"

"திறந்திருக்காதா என்று கேட்டதற்கு, யேஸ், திறந்திருக்காது என்று எழுதியிருக்கிறார். அவருடைய பாசையில் அப்படித்தான். என்னுடைய பாசையிலும் அப்படித்தான். அன்றைக்கே நான் மிஸ்டர் டேவிஸிடம் சொன்னேன்."

"சிவா," மிஸ்டர் டேவிஸின் குரல் வழக்கம்போல் மெதுவாக இருந்தது. "நீங்கள் பதினெட்டு வருடம் என்னோடு இங்கிலீசு பேசுகிறீர்கள். ஒருநாளும் இப்படி ஒரு குழப்பம் வந்ததில்லை."

"வந்தது சார். முதல் நாளே வந்தது. என்னுடைய கோவையை எடுத்துப் பாருங்கள்."

வழக்கறிஞர் அம்மா கெட்டிக்காரி. உடனே ஆள் அனுப்பி எடுப்பித்தார். பழைய மஞ்சள் படிவம். மிஸ்டர் டேவிஸின் கையெழுத்து. முன் அலுவலக அனுபவம்: யேஸ்.

"நான் அதற்கு முன் ஒரு அலுவலகத்துக்குள்ளும் வேலைக்குப் போனதில்லை" என்றேன். "பெற்றோல் நிலையத்தில் நின்றேன். நீங்கள், அலுவலகத்தில் வேலை செய்ததில்லை, இல்லையா என்று கேட்டீர்கள். நான் யேஸ் என்றேன். நீங்கள் சரி போட்டீர்கள்."

மிஸ்டர் டேவிஸ் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் அவர் துடைத்ததில்லை.

"அப்படியென்றால் எங்களிடம் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தீர்கள்."

"இல்லை சார். உண்மையைத்தான் சொன்னேன். உங்களுக்கு விளங்கவில்லை. பிறகு எனக்கு விளங்கியது, நான் சொல்லவில்லை. அது என் பிழை. மூன்று கிழமை நான் ரெலிபோன் எடுக்கவில்லை. அதுவும் என் பிழை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ரெஹேமாவின் பெயரில் ஒன்றும் எழுதாதேயுங்கள்."

வழக்கறிஞர் அம்மா பேனையை மூடினார். படிவத்தையும் மின்னஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இந்த அறிக்கையில் என் பெயரை வைக்கமாட்டேன்" என்று மிஸ்டர் டேவிஸிடம் சொன்னார். அறிக்கை போகவில்லை. பாதை ஊரிடம் இருந்தது. ஹமீசிக்குப் பொய்க்கால் போட்டுக் கொடுத்தார்கள்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் வெளியில் போய்ப் பேசுவேன் என்ற பயம். அடுத்த திங்கட்கிழமை மிஸ்டர் டேவிஸ் என் மேசைக்கு வந்து, "கீழே நிலவறையில் பெட்டி அடையாளச் சீட்டுக் கட்டும் பகுதிக்குப் போவதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதே?" என்றார்.

"இருக்கிறது சார்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பச்சைத் தாளைச் சுவரிலிருந்து கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனேன். கடைசி ஒன்பது வருடமும் அங்கேதான். யன்னல் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டிச் சீட்டுக் கட்டலாம் என்று யாரும் கேட்டால் சொல்லித் தருவேன்.

எனக்கு இந்த வயதில் இரத்த அழுத்தம் இருக்கிறது, கோபப்படக்கூடாது என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தைத் திறந்து பார்க்கிறேன். முதல் பக்கத்தில் ஹமீசியின் படம். இடுப்போடு வெட்டியிருக்கிறார்கள். சிரிக்கிறார். "எங்கள் யானைக் காவலர்" என்று கீழே போட்டிருக்கிறது. எங்கள்! படத்தை ஏன் இடுப்போடு வெட்டினீர்கள்? இன்னும் கொஞ்சம் கீழே காட்டுங்களேன். அந்தப் பக்கத்திலேயே "மனிதக் காலடி படாத காடு" என்று எழுதியிருக்கிறது. யாருடைய கால் அங்கே போனதென்று எனக்குத் தெரியும். காடு தானாக மிஞ்சவில்லை. அந்தச் சனம் பசியோடு ஒதுங்கி நின்று மிச்சம் வைத்த காடு அது. அவர்களை அழித்துவிட்டுத்தான் அதை விற்கிறார்கள். படத்தில் ஒரு தரம், எழுத்தில் ஒரு தரம்.

இனி வியாழக்கிழமை அழைப்பு.

எடுத்தவர் நிவேதா. ஹரோவில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளின் தாய். என்னுடைய பழைய மேசையில் இப்போது அவர்தான் இருக்கிறார். நான் ஓய்வு பெற்ற நாளில் இந்தக் கதையை அவருக்குச் சொன்னபோது, மற்றவர்கள் மாதிரி என்னைப் புகழவில்லை. "மூண்டு கிழமை சும்மா இருந்திருக்கிறியளே அங்கிள்" என்றார். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது. அதனால்தான் அவரில் எனக்கு மரியாதை.

"அங்கிள், ஒரு நிமிசம் கதைக்கலாமே?"

"ஓம் பிள்ளை, சொல்லுங்கோ."

"இப்ப புதுக் கொம்பியூட்டர் ஃபோம் ஒண்டு வந்திருக்கு. ரெலிபோன் எடுக்கத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டினம். ஒவ்வொரு ஊர்க்குழுவுக்கும் தானாப் போகும். அதிலை என்ன கேட்டிருக்கு தெரியுமே? 'இந்தத் தேதிகளில் பாதை மூடல் இல்லையா? யேஸ், நோ.' அவ்வளவுதான். எழுத இடமில்லை."

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். மூடல் இருக்கிறது என்று சொல்ல நினைக்கிற எங்களைப் போன்ற ஆள் எதை அமுக்குவார்? நோவைத்தான். இல்லை, நீ நினைப்பது பிழை, மூடியிருக்கிறது என்று. கொம்பியூட்டருக்கு நோ என்றால் மூடல் கிடையாது. வாகனத்தை அனுப்பிவிடும்.

"ஆர் இந்தக் கேள்வியை எழுதினது? ஒரு காலைத் திண்டது காணாதாமே? டேவிஸ் பென்சன் எடுத்துக்கொண்டு போயிட்டான், அவன்ரை இல்லையை இன்னும் கொம்பியூட்டருக்குள்ளை வைச்சிருக்கினம்!"

குசினிக்குள் இருந்து புவனேஸ்வரி கத்தினாள். "என்னப்பா இந்தச் சத்தம்? பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்கு ஃபோன் அடிக்கப்போறான்!"

"அடிக்கட்டும்! பிள்ளை, ரெஹேமா என்ன அமுக்கினவ?"

"அதுக்குத்தான் எடுத்தனான். அவ ஒண்டையும் அமுக்கேல்லை. வெறுமையா விட்டிட்டு, கடுதாசியிலை கையாலை எழுதி, படம் எடுத்து என்ரை ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறா. 'பாதை மூடியிருக்கிறது. யானைகள் போகின்றன. ரெஹேமா.' அவ்வளவுதான் அங்கிள். முழு வசனமா."

அந்த விபத்துக்குப் பிறகு ரெஹேமா யாருக்கும் யேஸ் என்றோ நோ என்றோ எழுதியதில்லை. எதைக் கேட்டாலும் முழு வசனம்தான். என்னிடம் கூட எங்கள் ஓம் சொல்வதை விட்டுவிட்டார். அவரிடமிருந்து நாங்கள் பிடுங்கியவற்றில் அதுவும் ஒன்று.

"அப்ப கொம்பியூட்டர் என்ன சொல்லுது?"

"வெறுமையா விட்டா மூடல் இல்லை எண்டு தானே எடுத்துப்போடும். எட்டுப் பேர் போற குழு ஒண்டு இருக்கு, வாற கிழமை. நான் மனேச்சரிட்டைப் போய்க் கடுதாசியைக் காட்டினன். அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு கேக்கிறா, 'ஒரு கட்டம் வெறுமையா இருக்குது எண்டதுக்காக நீ ஒரு முழுக் குழுவையும் நிப்பாட்டமாட்டாய்தானே?' எண்டு."

அதே அலுவலகம், அதே மேசை. ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். சாமித்தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்கள் என்ன சொன்னியள் பிள்ளை? யேஸ் எண்டோ, நோ எண்டோ?"

"ரெண்டும் சொல்லேல்லை அங்கிள்," என்றார் நிவேதா. "நிப்பாட்டுவன் எண்டு சொன்னன். நிப்பாட்டிப்போட்டுத்தான் உங்களுக்கு அடிக்கிறன்."